ஜன்னலைத் திறந்த பின்பு வாசனை மெழுகை வையுங்கள்



கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டன. அதன் பின்பு மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் காலை இரயிலே நம்முடைய அநேக குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. பிள்ளைகளில் பலர் தினந்தோறும் பெங்களூருவுக்குப் போய்த் திரும்புகிறார்கள். வேறு சிலர் அங்கேயே ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக் குடியேறிவிட்டார்கள். அவர்கள் விடுமுறைக்கு வீடு திரும்பும்போது நகரத்தின் பழக்கங்களும் பையோடு கூட வந்து சேருகின்றன. சமீப காலமாக அந்தப் பைகளில் நான் அடிக்கடி காணும் ஒரு பொருள், வேக்ஸ் மெல்ட் என்று சொல்லப்படும் வாசனை மெழுகுக் கட்டி.

ஒரு கிறிஸ்துமஸ் காலத்தில் சாம்பியன் ரீஃப் பகுதியிலுள்ள ஒரு லைன் வீட்டிற்கு ஜெபிக்கச் சென்றிருந்தேன். வீட்டின் பெரியவர் பல ஆண்டுகள் பூமிக்கடியில் வேலை செய்தவர். பெங்களூருவிலிருந்து வந்திருந்த மருமகள், போதகர் வருகிறார் என்று வீட்டைப் பெருக்கித் துடைத்து, ஒரு சிறிய பீங்கான் கிண்ணத்தில் வாசனை மெழுகை உருகவிட்டிருந்தாள். டிசம்பர் மாதத்துக் குளிருக்கும் கொசுவுக்கும் பயந்து ஜன்னல்கள் இறுக மூடப்பட்டிருந்தன. உள்ளே நுழைந்தவுடன் லாவண்டர் வாசனை முகத்தில் அறைந்தது. சற்று நேரத்தில் பெரியவர் இருமத் தொடங்கினார்.

“பாஸ்டர், வாசனை நல்லாத்தான் இருக்குது. மூச்சுவிடத்தான் இடமில்லை. அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறக்கச் சொல்லுங்க” என்றார்.

“உங்க கட்டில் பக்கத்துல மருந்து வாசனை அடிக்குதேன்னு உங்களுக்காகத்தான் வெச்சேன் மாமா” என்றாள் மருமகள். அவள் முகம் வாடிப்போயிற்று. அன்பினால் செய்த காரியம் அது. ஆனால் அறியாமல் செய்தது. அவளைப் போன்ற அநேக சகோதரிகளுக்குப் பயன்படும்படியாகவே இதை எழுதுகிறேன்.

இது என்ன பொருள்?

வாசனை மெழுகுக் கட்டி என்பது திரியில்லாத மெழுகு. பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் பாரஃபின், சோயா எண்ணெயிலிருந்து செய்யப்படும் மெழுகு, தேன்மெழுகு இவற்றில் ஒன்றையோ, சிலவற்றைக் கலந்தோ உருக்கி, வாசனை எண்ணெய் சேர்த்து, சிறு கட்டிகளாக வார்க்கிறார்கள். பொதுவாக 100 கிராம் மெழுகிற்கு 6 முதல் 10 கிராம் வரை வாசனை எண்ணெய் சேர்ப்பது வழக்கம். இந்தக் கட்டியை வார்மர் என்னும் சூடேற்றியின் கிண்ணத்தில் வைத்தால், 50, 60 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே உருகி வாசனையை வெளிவிடும்.

வார்மர் இருவகைப்படும். ஒன்றில், கிண்ணத்தின் கீழே டீலைட் என்னும் சிறு தகட்டு மெழுகுவர்த்தியை ஏற்றி வைக்க வேண்டும். மற்றொன்றில் சிறிய பல்போ மின்தகடோ சூடு தரும். இரண்டிலும் மெழுகு எரிவதில்லை. வாசனை எண்ணெய் மாத்திரமே ஆவியாகிப் போகிறது. மெழுகு கிண்ணத்திலேயே தங்கிவிடுகிறது. இதை அறியாமல், மெழுகு தீரட்டும் என்று நாட்கணக்காய்க் காத்திருப்பவர்கள் உண்டு. வாசனை போனபின் மீந்திருப்பது வெறும் மெழுகு. அதை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பதே முறை.

விசுவாசி வீட்டில் வைக்கலாமா?

இந்தக் கேள்வியைச் சிலர் என்னிடம் தனியாக வந்து கேட்டதுண்டு. ஊதுபத்தியும் சாம்பிராணியும் பூஜையோடு சேர்ந்தவை என்று எண்ணி நம்மில் பலர் அவற்றை வீட்டில் ஏற்றுவதில்லை. ஆகையால் வாசனை மெழுகைக் குறித்தும் மனச்சாட்சி கேள்வி எழுப்புகிறது.

யாத்திராகமம் 30-ஆம் அதிகாரத்தில் ஆசரிப்புக்கூடாரத்திற்கென்று ஒரு தூபவர்க்கம் குறிக்கப்பட்டது. அதே கலவையை ஒருவரும் தங்கள் சொந்த உபயோகத்திற்குச் செய்யலாகாது என்றும் விலக்கப்பட்டது. வாசனையே விலக்கப்படவில்லை. பெத்தானியாவில் மரியாள் ஊற்றிய பரிமளதைலத்தின் வாசனை வீடு முழுவதும் நிறைந்ததை யோவான் எழுதியிருக்கிறார். வீடு சுத்தமாகவும் இனிமையாகவும் இருக்கும்படி வாசனையைப் பயன்படுத்துவதில் தவறில்லை என்பதே என் எண்ணம். ஆனால் வாசனையினால் ஜெபத்திற்கு வல்லமை வரும், வீட்டிலுள்ள கெட்ட ஆவி போகும் என்று விற்கிறவர்களின் பேச்சுக்குச் செவிகொடாதிருங்கள். மெழுகு மெழுகுதான். அதனிடத்தில் மெழுகின் வேலையை மாத்திரம் எதிர்பாருங்கள்.

தங்கவயல் விலைகொடுத்துக் கற்ற பாடம்

மூடிய இடத்தில் காற்று எப்படிப்பட்டது என்பதை நம்முடைய ஊர் அறிந்ததுபோல் அறிந்த ஊர்கள் குறைவு. 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கே வேலை தொடங்கியது முதல், வட ஆற்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து நம் முன்னோர்கள் வந்து பூமிக்குள் இறங்கினார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்திற்குச் சென்றது. அந்த ஆழத்தில் பாறையே அனலாயிருக்கும். அங்கே மனிதன் உயிரோடிருக்க வேண்டுமானால் மேலிருந்து காற்று இடைவிடாமல் போய்க்கொண்டிருக்க வேண்டும். 1902-ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. பிற்காலத்தில் காற்றைக் குளிரூட்டிக் கீழே அனுப்பும் இயந்திரங்களும் வைக்கப்பட்டன.

அப்படியிருந்தும், பாறையைத் துளைக்கும்போது எழும்பிய கண்ணுக்குப் புலப்படாத தூசி நுரையீரலில் தங்கிற்று. அதனால் வரும் நோய்க்கு சிலிகோசிஸ் என்று பெயர். இந்தியாவில் இந்நோய் முதன்முதலில் பதிவு செய்யப்பட்டது நம்முடைய தங்கவயலிலேதான்; அந்த அறிக்கை 1947-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பரிசோதிக்கப்பட்ட 7,653 தொழிலாளரில் நூற்றுக்கு 43 பேருக்கு மேல் இந்நோய் இருந்ததாகப் பதிவாகியுள்ளது. இன்றும் சயனைடு மலை என்று நாம் சொல்லும் கழிவு மண்மேடுகளிலிருந்து காற்றுக் காலத்தில் தூசி பறந்து வீடுகளுக்குள் வருகிறது.

வாசனை மெழுகு சிலிகோசிஸை உண்டாக்கும் என்று ஒருவரும் எண்ண வேண்டாம். பாறைத் தூசி வேறு, வாசனை ஆவி வேறு. ஆனால் ஏற்கெனவே காயப்பட்ட நுரையீரல் உள்ளவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். மற்றவர்களுக்கு இனிமையான வாசனை அவர்களுக்கு மூச்சுத்திணறலாக மாறக்கூடும். ஆகையால் நம் வீடுகளில் வாசனையைக் குறித்து யோசிக்கும்போது காற்றைக் குறித்தே முதலில் யோசிக்க வேண்டியதாயிருக்கிறது.

புகையில்லை, ஆயினும் காற்று மாறுகிறது

“இதில் புகையே இல்லையே, பாஸ்டர்” என்பார்கள். உண்மைதான். ஒரு கொசுவர்த்திச் சுருள் எரியும்போது வெளிவரும் நுண்துகள்கள் 75 முதல் 137 சிகரெட்டுகளின் அளவுக்குச் சமம் என்று 2003-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு கண்டது. ஊதுபத்தியும் எரிந்து புகைகிறது. அவற்றோடு ஒப்பிட்டால் உருகும் மெழுகு கண்ணுக்குச் சுத்தமாகவே தோன்றும்.

ஆனால் அமெரிக்காவிலுள்ள பர்டியூ பல்கலைக்கழகத்தார் ஒரு சோதனை வீட்டில் வாசனை மெழுகை உருக்கிப் பார்த்து, 2025-ஆம் ஆண்டில் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். வாசனை எண்ணெயிலிருந்து எழும்பும் ஆவி, வீட்டுக் காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து, மிக மிக நுண்ணிய துகள்களாக மாறுகிறது என்றும், எரியும் மெழுகுவர்த்தி அல்லது காஸ் அடுப்பு உண்டாக்கும் அளவுக்கு அத்துகள்கள் பெருகக்கூடும் என்றும் கண்டார்கள். எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற வாசனைகளில் இருக்கும் பொருட்கள் ஓசோனோடு எளிதில் சேருகிறவை.

பெரிய பங்களாவில் ஒரு கட்டி மெழுகு வைப்பதும், பத்துக்குப் பத்து அறையில் ஜன்னலை மூடிக்கொண்டு வைப்பதும் ஒன்றல்ல. பெங்களூருவில் நம் பிள்ளைகள் குடியிருக்கும் அறைகள் பெரும்பாலும் இரண்டாவது வகை.

பயன்படுத்தும் முறை

முதலாவது, ஒரு ஜன்னலையாகிலும் கதவையாகிலும் திறந்து வையுங்கள். கொசுவுக்குப் பயந்தால் ஜன்னலுக்கு வலை அடித்துவிடுங்கள். வலைக்கு ஒருமுறைதான் செலவு. காற்று தினந்தோறும் வரும்.

இரண்டாவது, குறைவாக வையுங்கள். சிறிய அறைக்கு அரைக்கட்டி போதும். ஒரு மணி நேரம் சென்றபின் அணைத்துவிடுங்கள். அணைத்த பின்னும் வாசனை சிறிது நேரம் அறையில் தங்கும். நம்முடைய மூக்கு எந்த வாசனைக்கும் சில நிமிடங்களில் பழகிப்போகும். “வாசனையே வரவில்லை” என்று வீட்டிலிருப்பவர் இன்னும் இரண்டு கட்டிகளைப் போடுவார். வெளியிலிருந்து வருகிறவருக்கோ தலைவலி உண்டாகும். சந்தேகமானால் வெளியே சென்று ஐந்து நிமிடம் நின்றுவிட்டு உள்ளே வந்து பாருங்கள்.

மூன்றாவது, இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். அசையாத, சமமான மேசையின்மேல் ஒரு ஓட்டுக்கல்லையோ டைல் துண்டையோ வைத்து, அதன்மேல் வார்மரை வையுங்கள். திரைச்சீலை, காலண்டர், வேதபுத்தகம் வைக்கும் அலமாரி, உலரும் துணி இவற்றிலிருந்து ஓர் அடியாகிலும் தள்ளியிருக்கட்டும். பிளாஸ்டிக் விரிப்பின்மேலும், தொலைக்காட்சிப் பெட்டியின்மேலும், அலமாரித் தட்டின் கீழேயும் வைக்காதிருங்கள். மின்விசிறிக்கு நேர் கீழே வைத்தால் சுடர் ஆடும், மெழுகும் சரியாய் உருகாது.

நான்காவது, டீலைட் வார்மரில் டீலைட்டை மாத்திரமே உபயோகியுங்கள். உயரமான மெழுகுவர்த்தியை வெட்டி வைப்பதும், இரண்டு டீலைட்டுகளை நெருக்கி வைப்பதும் ஆபத்து. ஒரு டீலைட் ஏறக்குறைய நான்கு மணி நேரம் எரியும். அது முடியும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமில்லை. கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பாதிருங்கள். வாசனைத் தைலக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றும் வழக்கம் சிலருக்கு உண்டு. மெழுகில் ஒரு துளி தண்ணீரும் சேரலாகாது.

ஐந்தாவது, பழைய மெழுகை மாற்றும்போது, அது குளிர்ந்து கெட்டியானபின் வார்மரை இரண்டொரு நிமிடம் மாத்திரம் சூடாக்குங்கள். அடிப்பாகம் இளகி, கட்டி முழுதாகக் கழன்று வரும். இளஞ்சூட்டில் பஞ்சை வைத்து ஒற்றியும் எடுக்கலாம். உருகிய மெழுகைத் தொட்டியில் ஊற்றினால் குழாயில் உறைந்து அடைத்துவிடும். காகிதத்தில் மடித்துக் குப்பையில் போடுங்கள்.

மின்சார வார்மர் வைத்திருப்பவர்களுக்கு

நம்முடைய வீடுகளில் மின்சாரம் 230 வோல்ட். அமெரிக்காவிலிருக்கும் உறவினர் அன்போடு அனுப்பும் வார்மர் பெரும்பாலும் 120 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது. அதை இங்கே சொருகினால் பொசுங்கிப்போகும், தீயும் பிடிக்கலாம். வாங்கியவுடன் அடியிலுள்ள எழுத்தை வாசியுங்கள். வளைகுடா நாடுகளிலிருந்து வருவது 220 முதல் 240 வோல்ட் வரைக்கும் ஆனது. ஆனால் பின் வடிவம் வேறு. அதை ஈர்க்குச்சி வைத்துச் சொருகாமல், நல்ல மாற்றுப் பிளக் வாங்குங்கள். பல்பு வகை வார்மரில் குறித்திருக்கும் வாட்டுக்கு மேற்பட்ட பல்பைப் போடாதிருங்கள்.

மின்சாரம் நின்றுபோனால் சுவிட்சையும் நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் வேலைக்குப் போன பின்பு மின்சாரம் திரும்ப வந்து, ஆளில்லாத வீட்டில் வார்மர் சூடாகிக்கொண்டிருக்கும். எந்த வகையானாலும், வெளியே புறப்படும்போதும் தூங்கும்போதும் அணைத்திருக்க வேண்டும்.

காஸ் சிலிண்டர் உள்ள அறையில்

இதைத் தயவாய் இரண்டுமுறை வாசியுங்கள். சமையல் காஸுக்கு இயற்கையில் பெரிதாக வாசனை கிடையாது. கசிந்தால் நாம் அறியும்படியாக எத்தில் மெர்காப்டன் என்னும் நாற்றப் பொருளைச் சேர்த்தே அனுப்புகிறார்கள். அந்த நாற்றம் நமக்கு ஒரு காவலாளி. ஒரே அறையில் சமையலும் படுக்கையும் உள்ள வீட்டில் கனமான வாசனையை நிரப்பினால், காவலாளியின் வாயைப் பொத்துகிறோம். காஸ் காற்றைவிடக் கனமானது. தரையோரமாய்ப் படர்ந்து தேங்கும். அங்கே டீலைட்டின் சுடர் எரிந்துகொண்டிருந்தால் நேரிடுவது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே சிலிண்டர் இருக்கும் அறையில் சுடருள்ள வார்மர் வேண்டாம். அடுப்பையும் ரெகுலேட்டரையும் மூடினபின்பே மற்ற அறையில் மெழுகை வையுங்கள். காஸ் நாற்றம் வந்தால் எந்தச் சுவிட்சையும் போடாமலும் அணைக்காமலும், ஜன்னல் கதவுகளைத் திறந்து, எல்லாரும் வெளியேறி, 1906 என்ற எண்ணை வெளியிலிருந்து அழையுங்கள்.

தீயும் சூடும்

மெழுகை அளவுக்கு மிஞ்சிச் சூடாக்கினால் அதன் ஆவி தீப்பற்றும். அப்படி நேர்ந்தால் தண்ணீர் ஊற்றாதிருங்கள். தண்ணீர் மெழுகின் கீழே இறங்கி, ஒரே நொடியில் நீராவியாகி, எரியும் மெழுகை நான்கு பக்கமும் வாரி எறியும். ஒரு தட்டையோ பாத்திர மூடியையோ கொண்டு மூடுங்கள், சூட்டையும் நிறுத்துங்கள். சில சகோதரிகள் இக்கட்டிகளை வீட்டிலேயே செய்து விற்கத் தொடங்கியிருக்கிறார்கள். கையின் பிரயாசத்தால் சம்பாதிப்பது நல்லது. ஆனால் மெழுகுப் பாத்திரத்தை அடுப்பின்மேல் நேராய் வைக்காமல், கொதிநீர்ப் பாத்திரத்திற்குள் வைத்தே உருக்குங்கள்.

கையில் சூடான மெழுகு பட்டால், ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். பற்பசை, பேனா மை, மாவு ஒன்றும் பூச வேண்டாம். ஒட்டிய மெழுகைப் பிய்த்தால் தோலும் சேர்ந்து வரும். கொப்புளம் பெரிதானால் மருத்துவரிடம் செல்லுங்கள். இக்கட்டிகள் நிறத்திலும் வடிவத்திலும் சாக்லேட்டைப் போலிருக்கின்றன. சிறுபிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

யாருள்ள வீட்டில் வேண்டாம்?

ஆஸ்துமா உள்ளவர்கள், பழைய சுரங்கத் தொழிலாளிகள், கைக்குழந்தைகள் இருக்கும் அறையில் வைக்காமலிருப்பதே நல்லது. அவர்கள் இருமினாலும் கண் எரிந்தாலும் தலை வலித்தாலும் உடனே அணைத்துவிடுங்கள். கூண்டில் பறவை வளர்ப்பவர்களும் கவனியுங்கள். பிரிட்டனில் 1986 வரைக்கும் நிலக்கரிச் சுரங்கங்களில் கேனரிப் பறவைகளை வைத்திருந்தார்கள்; காற்றில் விஷம் கலந்தால் மனிதனுக்கு முன்பாகப் பறவை அதை உணரும். சபை கூடும் மண்டபத்திலும் வேண்டாம் என்பேன். அங்கே யாருக்கு என்ன சுகவீனம் என்று நமக்குத் தெரியாது. மூச்சுத்திணறி எழுந்து போகிறவர் காரணத்தைச் சொல்லிவிட்டுப் போவதுமில்லை.

நாற்றத்தின் வேரைத் தேடுங்கள்

வீட்டில் துர்நாற்றம் இருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். குளியலறையின் தரைத் துவாரத்தில் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றிப்போனால் சாக்கடை வாயு மேலே ஏறும். ஒரு குவளை தண்ணீர் ஊற்றினாலே நின்றுவிடும். மழைக்காலத்தில் சுவரில் ஈரம் கசிந்து பூஞ்சை பிடிக்கும். அலமாரியைச் சுவரைவிட்டுச் சற்றுத் தள்ளி வைத்து, வெயில் நாளில் துணிகளை வெளியே போடுங்கள். பாத்திரம் துடைக்கும் துணியைக் கொதிநீரில் துவையுங்கள். குப்பையை இராத்திரியில் வீட்டில் தங்கவிடாதிருங்கள். இவற்றைச் செய்தபின் வைக்கும் அரைக்கட்டி மெழுகு, செய்யாமல் வைக்கும் நான்கு கட்டிகளைவிட அதிகமாய் மணக்கும்.

அந்த மருமகளைக் குறித்து முடிவாக ஒரு வார்த்தை. அன்றைக்கு அவள் கிண்ணத்தை அணைத்து வாசல் திண்ணைக்குக் கொண்டுபோனாள். நான் ஜன்னலைத் திறந்தேன். குளிர்ந்த காற்று உள்ளே வந்தது. பெரியவருக்கு இருமல் தணிந்தபின் ஜெபித்தோம். சில மாதங்களுக்குப் பின் மறுபடியும் அந்த வீட்டிற்குப் போனபோது ஜன்னலுக்குக் கொசுவலை அடித்திருந்தது. பெரியவரின் கட்டில் அந்த ஜன்னலண்டையில் போடப்பட்டிருந்தது. கட்டிலின் விரிப்பைத் துவைத்து வெயிலில் உலர்த்தியிருந்தாள். மருந்து வாசனை குறைந்திருந்தது. மெழுகு எங்கே என்று கேட்டேன்.

“இருக்குது பாஸ்டர். மாமா சாயங்காலம் வெளியே திண்ணையில உட்கார்ந்திருக்கும்போது முன்னறையில கொஞ்ச நேரம் வெப்பேன். அவர் உள்ளே வர்றதுக்கு முன்னே அணைச்சுடுவேன்” என்றாள்.

பிரியமானவர்களே, இதைப்போலவே நீங்களும் செய்யுங்கள். கடையில் ஒரு கட்டி மெழுகைக் கையில் எடுக்கும்போது, உங்கள் வீட்டில் யாருக்கு மூச்சு கஷ்டமாயிருக்கிறது என்று முதலில் நினைத்துப் பாருங்கள்.